குளிர்காலத்தில் ஆறாத கால்புண்: ஒத்தடம் கொடுக்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ள புண், குளிர்காலம் தொடங்கியதிலிருந்து மிக மெதுவாகவே ஆறுகிறது. நாள்தோறும் கட்டைப் பிரித்துக் கழுவி, சிறிது நேரம் காற்றாட விட்டு, மீண்டும் கட்டுகிறோம். குளிர்ச்சி புண் ஆறுவதைத் தடுக்குமா? வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுக்கலாமா? அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

பதில் 1:
தடுக்கும். புண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களும் புதுத் தோலை உண்டாக்கும் செல்களும் மந்தமாகிவிடுகின்றன. குளிரில் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஆக்சிஜன் வரத்து குறைகிறது. வந்து சேரும் இரத்தமும் குளிர்ந்த திசுவில் ஆக்சிஜனை எளிதில் விடுவிப்பதில்லை. வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கும் தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் என்னும் புரத இழைகள் உறுதிப்படுவதற்கும் அந்த ஆக்சிஜன்தான் வேண்டும். பெருங்குடல் அறுவை சிகிச்சை பெற்ற 200 பேரிடம் நடத்தப்பட்டு 1996-இல் வெளியான ஆய்வில், உடல் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்திருந்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும், இயல்பான வெப்பத்தில் வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. அது உடல் முழுவதன் வெப்பத்தைப் பற்றியது. கால்புண்ணுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

பதில் 2:
செவிலியராகச் சொல்கிறேன்: காற்றாட விடுவதை நிறுத்திவிடுங்கள். திறந்த புண்ணின் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. மீண்டும் கட்டிய பிறகும் புண் பழைய சூட்டுக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். புதுக் கட்டுக்கு வேண்டியவற்றையெல்லாம் எடுத்து வைத்த பிறகே பழைய கட்டைப் பிரியுங்கள். புண்ணைக் கழுவும் சலைன் (உப்புநீர்) பாட்டிலை மூடியபடியே வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து, ஒரு துளியை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். சூடோ குளிர்ச்சியோ தெரியக் கூடாது. சில நாட்கள் பிரிக்காமல் வைத்திருக்கும் டிரெஸ்ஸிங் இந்தப் புண்ணுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 3:
வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், தோல் வெந்துபோவதுகூட அம்மாவுக்குத் தெரியாது. தளர்வான காலுறையும் போர்வையும் போதும். இரண்டு கால்களும் ஒரே மாதிரி சில்லென்று இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்:
இல்லை, புண் உள்ள கால்தான் சில்லென்று இருக்கிறது.

பதில் 3:
அப்படியானால் அது குளிர்காலத்தின் விளைவு மட்டுமாக இருக்காது. அந்தக் காலுக்குச் செல்லும் தமனி குறுகியிருக்கலாம். பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்கவும், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடவும் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதம் நிறம் மாறினாலோ வலி கூடினாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடியும்வரை இறுக்கமான எலாஸ்டிக் கட்டு எதையும் போடாதீர்கள்.