ரெண்டு கோட்டுக்கும் ஒரே பேர் வெச்ச கதை: சென்டர் லைன்ல நீங்க மாட்டுப்பட்டதையும் சொல்லுங்க

களுவாஞ்சிக்குடியான்:

டிரோயிங்ல ஒரு சாமான்ட நடுவக் காட்டுற கோடுதான் சென்டர் லைன், அதுல நான் பட்ட வெக்கக்கேட்ட முதல்ல சொல்லுறன், மறுகா நீங்க சொல்லுங்க. சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு, உமி இழுக்கிற புளோவருக்கு பெயரிங் (சாஃப்ட், அதாவது சுத்துற தண்டத் தாங்குற சாமான்) வெக்கிற பிளேட் ஒண்டு வரைஞ்சி குடுத்தன். 10 மி.மீ. பிளேட், 40 மி.மீ. சாஃப்ட், ரெண்டு யூசிபி 208 எண்ட மாடல் பெயரிங். ஒவ்வொரு பெயரிங்குட போல்ட் ஓட்டை ரெண்டுக்கும் இடையில 137 மி.மீ., அப்ப சாஃப்ட் நடுவுல இருந்து அங்கால 68.5, இங்கால 68.5. கணக்குல ஒரு பிழையும் இல்ல. ஆனா கேசிங் (புளோவர்ட கூடு) ஒரு பக்கம் தள்ளி இரிக்கிறதால சாஃப்ட்ட நடு பிளேட்ட நடுவுல இல்ல, 35 மி.மீ. விலத்தித்தான் வரும். அதால டிரோயிங்ல ரெண்டு சென்டர் லைன் பக்கத்துப் பக்கத்துல ஓடுது, நான் ரெண்டுக்கும் தலைப்புல சி.எல். (சென்டர் லைன்) எண்டு மட்டும் எழுதித்து, 35ஐயும் நடுவுல போட்டுத்து, வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பிட்டு நித்திரைக்குப் போயித்தன்.

ஓட்டை போடுற பட்டறைக்காரர், பாஸ், என்ன செய்வார், பிளேட்ட எடுத்தார், சரி நடுவால ஸ்க்ரைபரால கோடு கிழிச்சார், அதுல இருந்து 68.5 அளந்து சென்டர் பஞ்ச் அடிச்சி நாலு ஓட்டையும் போட்டுத்தார். மில்லுல கொண்டு போய்ப் பூட்டினா சாஃப்ட் கேசிங் ஓட்டைக்குள்ள போகுதில்ல, 35 மி.மீ. தள்ளி நிக்குது. மில் முதலாளி வேற, "தம்பி, கேசிங் ஓட்டையக் கொஞ்சம் பெருசாக்கினா வராதா" எண்டு கேக்கார். என்னத்தச் சொல்லுற.

பாஸ்ட கடைக்குப் போய் பேப்பர விரிச்சி வெச்சி, "இந்தா பாருங்க பாஸ், இது சாஃப்ட்ட கோடு" எண்டன். அவர் மூக்குக்கண்ணாடியத் தூக்கித்து, "மனே, ஊட்டுல ரெண்டு புள்ளைக்கும் ஒரே பேர வெச்சித்து வாசல்ல நிண்டு கூப்பிட்டா எவன் வாற?" எண்டு கேட்டார். அவர்ர பக்கம் ஒரு பிழையும் இல்ல. மறுகா பிளேட்டுல திரும்பக் கோடு கிழிச்சி வேற நாலு ஓட்டை போட்டம், ஒரு நாள் கூலி என்ட கையால போச்சி.

கல்முனை கேட்காரன்:

அண்ணே உங்களுக்கு ஓட்டைதான் பிழைச்சது, எனக்கு பிளேட்டே ரெண்டாப் போச்சி. ஓட்டோகேட் எண்ட கம்ப்யூட்டர் வரைபட சொஃப்ட்வெயர்ல வரைஞ்சன், ஸ்கிரீன்ல நல்ல வடிவா நீட்டுக்கோடு, சின்னக்கோடு, நீட்டுக்கோடு எண்டு சென்டர் லைன் தெரியுது. ஆனா ஃபைல் இஞ்சி (அங்குல) கணக்குல தொடங்கினது, மில்லிமீட்டருக்கு மாத்தல்ல. இஞ்சி ஃபைல்ல அந்தக் கோட்டுட ஒரு சுத்து (நீட்டும் சின்னதும் இடைவெளியும் சேந்து) 2 யூனிட்தான், மில்லிமீட்டர் ஃபைல்ல அதே சுத்து 50.8. நான் கிட்ட சூம் பண்ணிப் பண்ணி வரைஞ்சதால கவனிக்கல்ல, 1:5ல பிறிண்ட் எடுத்தா 2 மி.மீ. சுத்து 0.4 மி.மீ. ஆகிச் சுருங்கி ஒரே தொடர் கோடா விழுந்திரிச்சி. காஸ் கட்டர் பிடிக்கிற பொடியன் அத வெட்டுற கோடு எண்டு நினைச்சி, 600 மி.மீ. பிளேட்ட நடுவால நேரா அறுத்துத்தான். குறை சொல்ல ஏலாது, அவ்வளவு நேர். எல்டிஸ்கேல் எண்டு கோட்டுட சுத்த நீட்டுற, குறைக்கிற ஒரே ஒரு நம்பர மாத்தியிருந்தாக் காணும். கோட்டுட தலைப்புல சி.எல். எண்டு போட்டிருந்தாலும் அவன் ஒருக்காக் கேட்டிருப்பான், அது தெரியாம கோடே பேசும் எண்டு விட்டுத்தன்.

அந்த சி எழுத்துல எல் ஏறி நிக்கிற அடையாளத்தையும் நம்பிராதீங்க. யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துப் பட்டியல்ல) 2104 எண்ட இடத்துல அது இரிக்கிதான், ஆனா கடைக் கம்ப்யூட்டர்ல அந்த ஃபொன்ட் இல்லாட்டி வெறும் பெட்டிதான் வரும். ஒருத்தர் எனக்கிட்ட "இந்த சதுர ஓட்டை எத்தின மில்லி" எண்டே கேட்டிரிக்கார்.

வாழைச்சேனைப் பழசு:

நாங்க கையால கீறின ஆக்கள். படிச்சது டிரோயிங் விதி, பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 308, அது 1927ல வந்தது, 2000ல தான் 8888 எண்டு மாறிச்சி. அவுட்லைன் 0.7 மி.மீ. பேனை, சென்டர் லைன் 0.35, பாதி மொத்தம் (தடிப்பு), அதுதான் கணக்கு. நீட்டுக்கோடு கோட்டு மொத்தத்துல 24 மடங்கு, இடைவெளி 3 மடங்கு. வட்டத்துட நடுவுல ரெண்டு நீட்டுக்கோடு தான் வெட்டணும், இடைவெளியும் இடைவெளியும் சந்திச்சா அடி விழும் எங்களுக்கு. கோடு உருவத்துக்கு வெளிய கொஞ்சம் நீட்டி நிக்கணும், பேர அந்த நீட்டுல எழுதணும், உள்ளுக்கு எழுதினா ஹட்சிங்குக்குள்ள (வெட்டுமுகத்தக் காட்டுற சாய்கோடுகளுக்குள்ள) புதைஞ்சிரும்.

என்ட பிழை வேற மாதிரி. புழுங்கல் மில்லு பொய்லருக்கு நீராவிப் பைப், 8 ஓட்டை ஃபிளேஞ்ச் (பைப் நுனியில போல்ட் போட்டுப் பூட்டுற வட்டத் தட்டு). பைப் ஃபிளேஞ்சில போல்ட் ஓட்டை சென்டர் லைனுக்கு நேர வராது, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சமனா விலத்தி நிக்கும், அதுதான் வழமை. நான் ஓட்டை வட்டத்த வரைஞ்சி, அவசரத்துல முதல் ஓட்டைய மேல கோட்டுலயே வெச்சித்தன், ஒரு குறிப்பும் எழுதல்ல. வெல்டிங்காரன் பேப்பர்ல இருந்தபடியே ஒட்டித்தான். வால்வ் வந்து பூட்டினா கைச்சக்கரம் நேர நிக்காம 22.5 பாகை சரிஞ்சி நிக்குது. வாறவன் போறவனெல்லாம் அண்ணாந்து பாத்துத்துப் போவான். மூணு வருசம் அப்படியே நிண்டிச்சி.

கத்தார் ரிட்டன்:

எல்லாரும் பேர் எழுதணும் எழுதணும் எண்டு சொல்லுறீங்க, நான் கொஞ்சம் மறுத்துச் சொல்லுறன், கோவிக்காதீங்க. நான் அங்க இன்ஸ்பெக்சன்ல இருந்தவன். ஒரு பிளேட்ல 40 ஓட்டை, 40 ஓட்டைக்கும் சி.எல். எண்டு எழுதினா அது டிரோயிங் இல்ல, எறும்புப் புத்து. ஒரு ஓட்டைக்குச் சிலுவைக்கோடு போட்டா அதுவே நடு எண்டு எவனுக்கும் வெளங்கும். பேர் தேவைப்படுறது ரெண்டாவது நடு வரக்குள்ளதான், முதல் அண்ணனுக்கு நடந்த மாதிரி.

மத்தது, நம்ம ஆக்கள் சென்டர் லைன அளவுக் கணக்குல பெரிய சத்தியமா நினைக்காங்க. ஒரு புஷ்ல (சாஃப்ட் போற உருளைக் குழாய்ல) ரெண்டு துளை, ரெண்டும் ஒரே சென்டர் லைன்ல வரைஞ்சிரிக்கி. வந்து சேந்த சாமான செக் பண்ணினா ஒண்டுக்கொண்டு நடு 0.2 மி.மீ. விலகல். சப்ளையர்ட்ட கேட்டா, "உங்கட டிரோயிங்ல டோலரன்ஸ் எங்க எழுதிரிக்கி", அதாவது எவ்வளவு பிழை விடலாம் எண்ட அளவு எங்க எண்டு திருப்பிக் கேட்டான். அவன் சொன்னது நியாயம். ரெண்டையும் ஒரே கோட்டுல வரைஞ்சா எவ்வளவு துல்லியமா ஒத்து வரணும் எண்டு அந்தக் கோடு சொல்லாது, அத வேற எழுதணும். டேட்டம் முக்கோணத்த (எதுல இருந்து அளக்கணும் எண்டு காட்டுற அடையாளத்த) கொண்டு போய் சென்டர் லைன்ல தொங்க விடுற பழக்கமும் இரிக்கி, ஏஎஸ்எம்ஈ ஒய்14.5 எண்ட அமெரிக்க டிரோயிங் விதி அத ஒத்துக்காது, துளைட விட்டத்துட அளவோட தான் சேத்துப் போடணும். நடு எண்டுறது கையால தொட ஏலாத சாமான், தொடக்கூடியது துளைட சுவர்தானே.

களுவாஞ்சிக்குடியான்:

கத்தார் அண்ணன் சொன்னது சரி, 40 பேர் எழுதிற நோக்கம் எனக்கும் இல்ல. நான் இப்ப செய்யுறது இதுதான்: ஒரே பார்வையில ரெண்டு சென்டர் லைன் வந்தா "சாஃப்ட் நடு", "பிளேட் நடு" எண்டு தமிழ்லயே எழுதிருவன், கோட்டுட ரெண்டு தலைப்பிலயும், ஏனெண்டா போட்டோவ பாதி வெட்டித்து அனுப்புற ஆக்கள் இரிக்காங்க. சி.எல். எண்டு எழுதினா ஒருத்தர் கிளியரன்ஸ் (விடுற இடைவெளி) எண்டும் வாசிச்சார், அதுவும் நடந்திச்சி. ஓட்டை அளவு எந்தக் கோட்டுல இருந்து எண்டு குறிப்பு ஒண்டு. போட்டோ அனுப்புறத விட்டுத்து பிடிஎஃப்.

கல்முனைத் தம்பி, 6 மி.மீ. ஓட்டைக்கெல்லாம் நீட்டுக்கோடு சின்னக்கோடு போட இடமில்ல எண்டு முன்ன ஒருக்காக் கேட்டீங்களே, அதுக்கு மெல்லிசாத் தொடர் கோடாவே சிலுவை போடலாம், அது பிழையில்ல. ஆனா காஸ் கட்டர்ப் பொடியன்ட கையில குடுக்கிற பேப்பர்ல மட்டும் வேணாம்.