அவசரம்: தத்துக் குழந்தையின் விசா மனு திரும்பி வந்துவிட்டது, யாராவது உதவுங்கள்

தவிப்பில்_அம்மா (வியாழன், இரவு 11.40)
வணக்கம். பையனை அழைத்துப்போக வந்திருக்கிறோம். தத்து உத்தரவு வந்துவிட்டது, அவன் எங்களோடுதான் ஓட்டல் அறையில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை விமானம். இன்று விசா மனுவைத் திருப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: "சான்றிதழ் முழுமையாக இல்லை." இனி என்ன செய்வது? கை நடுங்குகிறது.

கடல்காகம்
எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு? எந்தச் சான்றிதழ்? பிறப்பா, மருத்துவமா, தத்தா? பையனுக்கு என்ன வயது? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

சிவப்பு_மை
அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டும் ஆவணத்துக்கு அரசு வைப்பது) இருந்திருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் சிக்கல். முத்திரை குத்தி வாங்கிக் கொடுங்கள், முடிந்தது.

கோப்புக்கட்டு
சிவப்பு_மை, எதைக் கேட்டாலும் அப்போஸ்டில்தானா? 1961 உடன்படிக்கைப்படி அது கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும்தான் சொல்லும். தாளில் எழுதியிருப்பது சரியா, முழுமையா என்று சொல்லாது.

கேட்டவருக்கு: இங்கே முதலில் படிக்க வேண்டியதை யாரும் படிப்பதே இல்லை. தத்து வேறு, குடியேற்றம் வேறு. உத்தரவு கையில் வந்ததும் விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பது தப்பு. விசா வராமல் டிக்கெட் எடுக்கக் கூடாது என்று வருடக்கணக்காக எழுதி வருகிறேன்.

நிலாமுற்றம்
ஐயா, நள்ளிரவில் குழந்தையை வைத்துக்கொண்டு அழுகிறவரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? அம்மா, அந்தத் தாளில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

தவிப்பில்_அம்மா (வெள்ளி, காலை 6.15)
மன்னிக்கவும், இரவு அவன் தூங்கவே இல்லை. மூன்று வயது. இரண்டு நாடுகளும் வெளிநாட்டுத் தத்துக்கான ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. பையனுக்காக நாட்டின் பெயரை எழுதவில்லை. தாள் இணக்கச் சான்றிதழ் (தத்து அந்த உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்வது), ஒரே பக்கம். எங்கள் பெயர், அவன் பெயர், உத்தரவு எண், தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறது. முத்திரைக்கு மேலே இரண்டு கட்டங்கள், அவற்றில் பேனாவால் கோடு இழுத்திருக்கிறார்கள். தேவையில்லாதவை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்று. குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்தான். அதைக் கையை விட்டு இறக்குவதே இல்லை. தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறான்.

சிவப்பு_மை
கோடு தானே, அந்தக் கட்டங்களை நீங்களே நிரப்பி நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போட்டுவிடுங்கள்.

அகல்விளக்கு
தயவுசெய்து அந்தத் தாளில் பேனாவே வைக்காதீர்கள். அரசுச் சான்றிதழில் நீங்கள் எழுதினால் அது திருத்தப்பட்ட ஆவணம் ஆகிவிடும், எல்லாம் கெட்டுவிடும்.

சிக்கல் அந்தக் கட்டங்களில்தான் என்று நினைக்கிறேன். 1993 ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவுச் சான்றிதழ் அது. தத்தைத் தொடரலாம் என்று இரு நாட்டு மைய ஆணையங்களும் (தத்து வேலையைப் பார்க்க ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் அமைப்பு) 17ஆம் பிரிவு (இ) உட்பிரிவின்படி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலை யார், எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும் என 23ஆம் பிரிவே சொல்கிறது. எங்கள் மகளின் சான்றிதழிலும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கொடுத்த அலுவலகத்திலேயே புதிதாக வாங்கினோம்.

இன்றைக்கே இரண்டு பேரிடம் பேசுங்கள். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தில் திருத்திய புதுச் சான்றிதழ் கேளுங்கள். ஒப்புதல் கடிதங்களின் நகல் உங்கள் தத்து முகமையிடம் இருக்கும், கொண்டுபோங்கள். அப்புறம் உங்கள் நாட்டு மைய ஆணையத்துக்கு எழுதுங்கள். குழந்தை வெளியேறவும் உள்ளே வந்து நிரந்தரமாகத் தங்கவும் அனுமதி வாங்கித் தர இரு ஆணையங்களும் முயல வேண்டும் என்று 18ஆம் பிரிவு இருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கோப்புக்கட்டு
அகல்விளக்கு சொன்னது சரி. விசா அலுவலகத்திடம் குறை எது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டை இப்போதே தள்ளிப் போடுங்கள்.

கடல்காகம்
அந்தத் துண்டைத் துவைத்துவிடுங்கள். சொறி, பேன் எல்லாம் வரும். இல்லத்துக் குழந்தைகளிடம் சகஜம்.

நிலாமுற்றம்
வேண்டவே வேண்டாம். அவனுக்குப் பழகிய வாசனை இப்போது அது ஒன்றில்தான் இருக்கிறது.

கடல்காகம்
வாசனைக்காக நோயை வைத்துக்கொள்வதா? எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சொறி வந்தது. சும்மா சொல்லவில்லை.

நிலாமுற்றம்
சொறி இருந்தால் மருத்துவர் மருந்து கொடுப்பார், அப்போது துவைக்கட்டும். எங்கள் மகனின் சட்டையை முதல் நாளே துவைத்துவிட்டேன். ஈரச் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அப்புறம் அதைத் தொடவே இல்லை. இன்றும் அந்த முகம் என் கண்ணில் நிற்கிறது.

பிஸ்கட்டையும் எடுக்காதீர்கள் அம்மா. சின்ன டப்பா ஒன்றில் போட்டு அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள். காலியானால் நிரப்புங்கள். அடுத்த வேளை கிடைக்கும் என்று நம்பிக்கை வர நாளாகும்.

கடல்காகம்
சரி, மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யட்டும்.

சிவப்பு_மை
அஃபிடவிட் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அப்போஸ்டிலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிப்பில்_அம்மா (அடுத்த வியாழன், பிற்பகல் 2.05)
கட்டங்கள்தான். திங்கள் மாலை புதுச் சான்றிதழ், நேற்று விசா. விமான நிலையத்தில் இருக்கிறோம். மருத்துவர் பார்த்தார், சொறி இல்லை, துண்டைத் துவைக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து எனக்கு நீட்டினான். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

அகல்விளக்கு
அசல் தாள்களைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். இறங்கியதும் கேட்பார்கள்.