மலை ஊர் லினக்ஸ் பெட்டிகள்: டிஸ்க் மறைந்தால் கெர்னலில் எங்கே கை வைப்பது?

மூடுபனி, ஊட்டி

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் லினக்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் டிஸ்க், கன்ட்ரோலர் சம்பந்தமாகக் கண்டதை இங்கே எழுதலாம். "டிஸ்க் போச்சு" என்று மட்டும் போட்டால் யாருக்கும் உதவாது. டிமெஸ்ஜி (லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளை) காட்டிய வரி, மாற்றிய அமைப்பு, அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேண்டும். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதுவோம். வேறு சொல்லாதவரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.

மழைக்காலத்தில் இங்கே அதிகம் வரும் புகார் இது: பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அரை நிமிடம் உறைந்து நிற்கும், மறுபடி ஓடும். டிமெஸ்ஜியில் "ஏடிஏ1.00: எக்செப்ஷன்" என்று தொடங்கி "ஃப்ரோசன்" என்று முடியும் வரி, அடுத்து "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்", இது திரும்பத் திரும்ப வந்தால் "லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0 ஜிபிபிஎஸ்". உடனே புது டிஸ்க் வாங்கக் கிளம்ப வேண்டாம். டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ போட்டுப் பாருங்கள். 199ஆம் எண், அதாவது யூடிஎம்ஏ சிஆர்சி பிழைக் கணக்கு, ஏறிக்கொண்டிருக்கிறது, கெட்ட செக்டர்களைக் கணக்கிடும் 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியத்தில் நிற்கின்றன என்றால் தகட்டில் பழுது இல்லை. தகவல் வரும் வழியில்தான் கெடுகிறது. சாட்டா கேபிளை மாற்றுங்கள், ஒரு மீட்டருக்கு மேல் நீளம் கூடாது. 199 ஒருபோதும் குறையாது. அதனால் மாற்றிய அன்று இருந்த எண்ணைக் குறித்து வைத்து, பிறகு ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏடிஏ1, ஏடிஏ2, ஏடிஏ3 எல்லாம் ஒரே விநாடியில் ரீசெட் ஆகியிருந்தால் கேபிளைக் குற்றம் சொல்லாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் (பெட்டியின் பவர் சப்ளை) யூபிஎஸ்ஸையும் பாருங்கள்.

கேபிள் கையில் இல்லாதபோது ஒட்டுப்போட ஒரு வழி உண்டு: கெர்னல் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) "லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=1:1.5ஜிபிபிஎஸ்". அந்த 1 டிமெஸ்ஜியில் வரும் ஏடிஏ எண். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர் வரிசையோடு அதற்கு உறவில்லை. எண் போடாமல் விட்டால் எல்லா போர்ட்டும் வேகம் குறையும். சுழலும் டிஸ்க்குக்கு 1.5 ஜிகாபிட், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 150 எம்பி, பெரிய நஷ்டமில்லை. எஸ்எஸ்டி நன்றாகவே அடிவாங்கும்.

பல்சக்கரம், குன்னூர்

மூடுபனி சொன்னதை எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். மோட்ப்ரோப்.டி கோப்புறையில் "ஆப்ஷன்ஸ் லிப்ஏடிஏ" என்று எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். சாட்டா டிஸ்க்குகளைக் கையாளும் லிப்ஏடிஏ கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் அந்தக் கோப்பை யாரும் படிக்கப்போவதில்லை. மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக) இருந்தாலும் அது இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து (பூட்டின் தொடக்கத்தில் ராமில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறும் என்பதால், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டாதவரை மாற்றம் போய்ச் சேராது. கிரப்பின் (பூட் செய்யும் நிரல்) கெர்னல் வரியில் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்து, /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகைக்கும் இது பொருந்தும்.

சொந்தமாகக் கெர்னல் கட்டுபவர்களுக்கு: "விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)" என்று திரை நின்றால், அதற்கு மேலே உள்ள வரிகளே எது குறை என்று சொல்லிவிடும். ஏஹெச்சிஐ (சாட்டா கன்ட்ரோலரின் டிரைவர்) என்ற வரியே இல்லையா? கான்ஃபிக்கில் சாட்டா_ஏஹெச்சிஐ விடுபட்டிருக்கிறது, அல்லது மாட்யூலாகப் போட்டு இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் கிளப்பியிருக்கிறீர்கள். "சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்" என்று வந்தும் எஸ்டிஏ பிறக்கவில்லையா? விடுபட்டது பிஎல்கே_டெவ்_எஸ்டி. அது ஸ்கஸி மெனுவுக்குள் ஒளிந்திருப்பதால், "எங்களிடம் ஸ்கஸி டிஸ்க்கே இல்லையே" என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். சாட்டா டிஸ்க்கும் யூஎஸ்பி டிஸ்க்கும் அந்த டிரைவர் வழியாகத்தான் வரும். அடைப்புக்குள் (0,0) வராமல் (8,1) வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது, கோப்பு முறைதான் ஒத்துவரவில்லை. ஈஎக்ஸ்டி4 உள்ளே கட்டியிருக்கிறதா பாருங்கள். பிசிஐஈ வழியாக வரும் எஸ்எஸ்டியான என்விஎம்ஈக்கு சாட்டா_ஏஹெச்சிஐ, பிஎல்கே_டெவ்_எஸ்டி இரண்டும் தேவையில்லை, பிஎல்கே_டெவ்_என்விஎம்ஈ தனி.

ரூட்=யூயூஐடி (கோப்பு முறையின் அடையாள எண்; யூயூஐடி பெரிய எழுத்தில்) என்று கொடுத்தால் அதைப் புரிந்துகொள்ள இனிட்ராம்எஃப்எஸ் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் கிளப்புவதானால் பார்ட்யூயூஐடி (பகிர்வின் அடையாள எண், இதுவும் பெரிய எழுத்து) கொடுங்கள், கெர்னலே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய பட்டைக் கேபிள் ஐடிஈ டிஸ்க்கோடு இன்னும் ஓடும் பெட்டி இருந்தால், 2021இல் வந்த 5.14 கெர்னலோடு பழைய ஐடிஈ மெனு போய்விட்டது. ஏடிஏ_பீக்ஸ் போன்ற லிப்ஏடிஏ டிரைவரைப் போட வேண்டும். ஹெச்டிஏ என்று எஃப்ஸ்டேபில் எழுதியிருந்ததை எஸ்டிஏ ஆக்குங்கள், யூயூஐடி ஆக்கினால் இன்னும் நல்லது.

கெர்னலைத் தொடுவதற்கு முன் பயாஸ். மரம் விழுந்து லைன் அறுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பெட்டியில், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருந்தால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். அதில் கன்ட்ரோலர் ரெய்டு மோடில் இருந்தால் என்விஎம்ஈ டிஸ்க் கண்ணுக்கே படாது. ஏஹெச்சிஐ டிரைவர் நல்ல பிள்ளை, வெளிப்படையாகவே சொல்லும்: "ஃபவுண்ட் 1 ரீமேப்ட் என்விஎம்ஈ டிவைசஸ். ஸ்விட்ச் யுவர் பயாஸ் ஃப்ரம் ரெய்டு டு ஏஹெச்சிஐ மோட் டு யூஸ் தெம்." அந்த வரியைப் படிக்காமல் ஓஎஸ்ஸை மறுபடி போட்டவர்கள் உண்டு.

நாடுகாணி, கூடலூர்

எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் கரண்ட் எப்போது போகும் என்பதற்குக் கணக்கே கிடையாது. கெர்னலின் இயல்பு அமைப்பு இதற்கு ஏற்றதல்ல. டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ 10, டர்ட்டி_ரேஷியோ 20. இன்னும் டிஸ்க்கில் எழுதாத தகவல் ராமில் எத்தனை சதவீதம் சேரலாம் என்பதற்கான அளவுகள் இவை. 16 ஜிபி ராம் உள்ள பெட்டி பெரும்பாலும் காலியாக இருந்தால் ஒன்றரை ஜிபி வரை எழுதாமல் சேர்த்து வைக்கும். அதற்கு மேல்தான் பின்னணியில் அவசரப்படும். டர்ட்டி_எக்ஸ்பைர்_சென்டிசெக்ஸ் 3000, அதாவது 30 விநாடி வரை தகவல் ராமில் காத்திருக்கலாம். தேயிலைக் கொழுந்து எடை போடும் பெட்டி, ஹோம்ஸ்டே கேமரா ரெக்கார்டர் மாதிரி இடங்களில் சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் இப்படி வைக்கலாம்:

விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் = 67108864
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 268435456
விஎம்.டர்ட்டி_எக்ஸ்பைர்_சென்டிசெக்ஸ் = 500

64 எம்பி, 256 எம்பி, 5 விநாடி. பைட்ஸ் வைத்ததும் ரேஷியோ பூஜ்ஜியம் என்று காட்டும், பயப்பட வேண்டாம். எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுது என்ற அழைப்பு) கேட்டு எழுதும் டேட்டாபேஸுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரணக் கோப்புகளுக்குத்தான் லாபம்.

யூபிஎஸ் இல்லாத இடத்தில் டிஸ்க்கின் சொந்த ரைட் கேஷையும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) அணைக்கலாம்: ஹெச்டிபார்ம் -டபிள்யூ0, இதில் டபிள்யூ பெரிய எழுத்து. எழுதும் வேகம் நன்றாகக் குறையும். கரண்ட் போய் வந்தால் பல டிஸ்க்குகள் பழையபடி கேஷை இயக்கிக்கொள்ளும். டெபியனில் ஹெச்டிபார்ம்.கான்ஃப் கோப்பில் "ரைட்_கேஷ் = ஆஃப்" என்று எழுதி வையுங்கள்.

கொழுந்து, கோத்தகிரி

அண்ணே, ஹெச்டிபார்ம் எதற்கு? /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/க்யூ/ரைட்_கேஷ் கோப்பில் "ரைட் த்ரூ" என்று எழுதினால் முடிந்ததே?

பல்சக்கரம், குன்னூர்

அதை மட்டும் செய்யாதீர்கள். இணையத்தில் நிறையப் பேர் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள், பார்க்கச் சரியாகவும் தோன்றும். அந்தக் கோப்பு டிஸ்க்கோடு பேசுவதில்லை. "இந்த டிஸ்க்கில் கேஷ் இல்லை" என்று கெர்னலை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க்கின் கேஷ் அப்படியே ஓடும். கெர்னல் ஃப்ளஷ் கட்டளை (கேஷில் இருப்பதைத் தகட்டில் எழுது என்பது) அனுப்புவதை நிறுத்திவிடும். கரண்ட் போனால் கோப்பு முறையின் ஜர்னலே (மாற்றங்களின் பதிவேடு) கெடும். பாதுகாப்புக்காகச் செய்தது இருந்த பாதுகாப்பையும் கழற்றிவிடுகிறது. டிஸ்க்கையே மாற்றும் சிஸ் கோப்பு வேறு: /சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_டிஸ்க்/0:0:0:0/கேஷ்_டைப். அதில் "ரைட் த்ரூ" எழுதினால் கட்டளை டிஸ்க்குக்குப் போகும். எழுதியபின் ஹெச்டிபார்ம் -டபிள்யூ (இங்கேயும் பெரிய எழுத்து) போட்டு உண்மையில் அணைந்ததா என்று பாருங்கள்.

சோலை, கொடைக்கானல்

மென்பொருள் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே வரிசையாகச் சேர்ப்பது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் இயல்பில் 30 விநாடி. சாதாரண மேசைக்கணினி டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல்கூடப் போராடும். கெர்னல் 30இல் பொறுமை இழந்து லிங்கை ரீசெட் செய்யும், டிஸ்க் பதில் சொல்லாது, எம்டி (கெர்னலின் ரெய்டு பகுதி) அதை வரிசையிலிருந்து தூக்கி எறிந்துவிடும். ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் போகிறது. மாற்று டிஸ்க் போட்டு ரீபில்ட் ஓடும்போது இரண்டாவதும் இதே காரணத்தால் விழுந்தால் ரெய்டு5 அத்தோடு சரி.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஈஆர்சி,70,70 போடுங்கள். 70 என்றால் 7 விநாடி. டிஸ்க் ஏற்றுக்கொண்டால் கெட்ட செக்டரை 7 விநாடியில் கைவிடும், எம்டி மற்ற டிஸ்க்கிலிருந்து கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதும், எல்லாம் தானே சரியாகும். ஏற்காத டிஸ்க் என்றால் டைம்அவுட் கோப்பில் 180 எழுதுங்கள். இரண்டுமே ரீபூட்டுக்குப் பின் நிற்காது, யூடெவ் விதியாக (டிஸ்க் தோன்றும்போதெல்லாம் தானே ஓடுவது) வைக்க வேண்டும். விதி எழுதினால் போதாது; கரண்டை முழுசாக அணைத்துப் போட்டபின் மதிப்பைப் படித்துப் பாருங்கள்.

உயரம் பற்றிக் கேட்கிறார்கள். காற்று நிரம்பிய டிஸ்க்கில் தலை மிதப்பதே காற்றில்தான் என்பதால் உயர வரம்பு உண்டு, பொதுவாக 3,048 மீட்டர். கொடைக்கானல் 2,133, ஊட்டி 2,240, தொட்டபெட்டாவே 2,637. ஆக வரம்புக்குள்தான். மெல்லிய காற்று சூட்டை மெதுவாகத்தான் எடுத்துச் செல்லும் என்பதுதான் பிரச்சினை. பல சர்வர் கையேடுகளில் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதிகபட்ச அறை வெப்பத்தில் 1 டிகிரி கழிக்கச் சொல்வார்கள். ஊட்டிக்கு அது நாலரை டிகிரி. "மலைதானே, குளிர்தானே" என்று ஃபேனைக் கழற்றி வைப்பது தப்பு.

எதிர்த்திசையில், பல டிஸ்க்குகளின் கீழ் வரம்பு 5 டிகிரி. உறைபனிக் காலத்தில் ராத்திரி டிஸ்க்கைத் தூங்கவிட்டு விடியற்காலையில் எழுப்புவதைவிட ஓடவிடுவதே மேல்: ஹெச்டிபார்ம் -எஸ் 0, எஸ் பெரிய எழுத்து. லேப்டாப் டிஸ்க் என்றால் -பி 254, இதிலும் பி பெரிய எழுத்து. இல்லாவிட்டால் சில விநாடிக்கு ஒருமுறை தலையை நிறுத்தி எடுத்து ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் 193ஆம் எண் லட்சக்கணக்கில் ஏறும்.

மூடுபனி, ஊட்டி

சோலை சொன்னதோடு ஒன்று. கரண்ட் திரும்பும்போது 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்க 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கு டிஸ்க் சேர்ந்தால் 100 வாட் பக்கம், சின்ன இன்வெர்ட்டர் திணறும். டிமெஸ்ஜியில் "எஸ்எஸ்எஸ் ஃப்ளாக் செட், பேரலல் பஸ் ஸ்கேன் டிசேபிள்ட்" என்று வந்தால் கன்ட்ரோலர் ஒவ்வொன்றாக எழுப்புகிறது என்று பொருள். பூட் வேகமாக வேண்டும் என்று இக்னோர்_எஸ்எஸ்எஸ்=1 போடச் சொல்வார்கள். நம் ஊரில் போடாதீர்கள்.

கொழுந்து, கோத்தகிரி

யூஎஸ்பி பெட்டியில் போட்ட டிஸ்க் காப்பி நடுவில் "யூஏஎஸ்_ஈஹெச்_அபார்ட்_ஹேண்ட்லர்" என்று கத்தி அறுந்துபோனால்: எல்எஸ்யூஎஸ்பியில் அதன் இரண்டு அடையாள எண்களையும் எடுத்து, கெர்னல் வரியில் "யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.க்விர்க்ஸ்=" என்பதற்குப் பின் இரண்டையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதி, கடைசியில் ":யூ" சேர்க்கவும். எல்எஸ்யூஎஸ்பி -டி போட்டால் டிரைவர் யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்குக்கான வேகமான டிரைவர்) போய் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று காட்ட வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும். அதற்கு முன் வேறு போர்ட்டில், தனிக் கரண்ட் உள்ள ஹப்பில் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான், 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்க அது போதாமல் போகலாம்.

என்விஎம்ஈ "கன்ட்ரோலர் இஸ் டவுன்; வில் ரீசெட்: சிஎஸ்டிஎஸ்=0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்" என்றால் என்ன செய்வது? இதற்கு இங்கே யாரும் பதில் போடவில்லையே.

பல்சக்கரம், குன்னூர்

டிஸ்க் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் எழவில்லை என்பதுதான் பொதுவான காரணம். புதிய கெர்னல்களில் அதே பிழைக்குக் கீழேயே வழியும் அச்சாகும்: "என்விஎம்ஈ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0 பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்". முதலாவதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். மறுபடி வந்தால் இரண்டாவதையும் சேருங்கள். இரண்டும் இருந்தும் விழுந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஸ்லாட்டைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதற்குமேல் கெர்னலில் தேட ஒன்றுமில்லை.