ஸ்கோப்பில் போனை வைத்து எடுத்தால் படம் வெளிறுகிறது, அவசர உதவி

நந்திக்கரை: பறவை பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப்பின் கண்வில்லையில் போனைப் பிடித்து நந்திக்கடல் களப்பில் பூநாரைகளைப் படம் எடுத்தேன். கண்ணால் பார்த்தால் துலக்கமாக இருக்கிறது. படத்திலோ பால் ஊற்றியதுபோல் வெளிறல், நடுவில் ஊதாப் பொட்டு. வில்லையின் கோட்டிங் (பூச்சு) பிழையா? ஞாயிறு திரும்பவும் போகிறேன்.

குளக்கட்டு: என்ன ஸ்கோப்? எத்தனை மடங்கு? எத்தனை மணிக்கு?

ஈரக்காற்று: கானல்தான். வேறொன்றுமில்லை.

பழையகண்ணாடி: கானல் படத்தை நெளிய வைக்கும், வெளிற வைக்காது. எத்தனை தரம் எழுதுவது? பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பிவிடும். பத்து முகம் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போனது தொலைந்தாலும் பரவாயில்லை. உள்ளேயே முட்டி மோதிப் படத்தின்மேல் படிகிறது. மக்னீசியம் புளோரைட்டு ஒரு படலம் பூசினாலே அந்த 4 வீதம் ஒன்றரை வீதமாகிவிடும்.

குளக்கட்டு: தம்பி, முன்வில்லையில் ரியூப் லைற்றின் பிம்பங்களைப் பாருங்கள். பச்சை, ஊதா என்றால் பூச்சு உண்டு. வெள்ளையாகத் தெரிவது வெறும் கண்ணாடி.

ஈரக்காற்று: என்னுடையது சிவப்பாக மின்னும். அதுதான் உயர்தரம் என்றார் கடைக்காரர்.

பழையகண்ணாடி: சிவப்பைத் திருப்பி அனுப்பினால் உள்ளே என்ன மிஞ்சும்? உங்கள் பூநாரைகள் பச்சை பிடித்திருக்குமே.

ஈரக்காற்று: சுண்டிக்குளத்தில் எடுத்தவை இளஞ்சிவப்பாகவே இருக்கின்றன. பறவை பார்க்க நந்திக்கடலுக்கு யார் போவார்கள்?

பழையகண்ணாடி: மாங்குளத்தில் இருந்துகொண்டு நந்திக்கடலுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

நந்திக்கரை: மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். மாலை ஐந்தரை, வட்டுவாகல் பாலத்தில் நின்று களப்புப் பக்கம் பார்த்து. முன்வில்லை 65 மில்லிமீற்றர், 20 மடங்கு. பிம்பங்களில் ஒன்று வெள்ளை. உப்புப் படிந்தால் கட்டியிருக்கும் சாரத்தால் துடைப்பேன்.

பழையகண்ணாடி: சாரத்தாலா!

குளக்கட்டு: அந்த நேரத்தில் அங்கே நின்றால் சூரியன் நேரே முகத்தில். எந்தப் பூச்சும் முழுதாகத் தாங்காது. காலையில் போங்கள், வெயில் முதுகில் விழும். கண்ணை வைத்தால் புருவம் பக்க வெளிச்சத்தை மறைக்கும், போன் மறைக்காது. இடைவெளியைக் கறுப்பு ரேப்பால் சுற்றுங்கள். பொட்டு பெரும்பாலும் போன் வில்லைக்கும் கண்வில்லைக்கும் நடுவே பிறப்பது, போனைச் சற்றே சரித்துப் பாருங்கள். உப்பை முதலில் ஊதிவிட்டு, பிறகு ஈரமான மென்துணி.

நந்திக்கரை: ஞாயிறு காலை ஆறரைக்கு எடுத்தேன். வெளிறல் இல்லை. பொட்டு கொஞ்சம் இருக்கிறது. நன்றி அண்ணை.

ஈரக்காற்று: எத்தனை பறவை நின்றது?