பத்து மாத அட்வான்ஸ்: வாடகைக்கு இருந்து பட்டவர்களே கேட்கலாமா?

திண்ணை:
வருடக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்து நொந்தவர்கள், சொந்தமாக ஒரு போர்ஷன் கட்டியதும் சென்னை வழக்கம் என்று பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவும் வேண்டும். 'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்' என்பதற்கு அதில் இடமே இல்லை.

மொட்டைமாடி:
முழுசாகப் படியுங்கள் சார். 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' மூன்று மாதம். வாடகை நின்றால் இரண்டு மாத பாக்கி சேர வேண்டும், பிறகு நோட்டீஸ், அதற்கு ஒரு மாத அவகாசம். மனு போடுவதற்குள்ளேயே மூன்று மாத அட்வான்ஸ் கரைந்துவிடும். வழக்கு நடக்கும் மாதங்களுக்கு யார் தருவது? ஆறு மாதத்துக்குக் குறைந்தால் விடுபவர் ஏமாளி.

திண்ணை:
நோட்டீஸை இரண்டாம் மாத முடிவிலேயே அனுப்பினால்தான் உங்கள் கணக்கு சரி. முக்கால்வாசிப் பேர் அட்வான்ஸ் கையில் இருக்கிற தைரியத்தில் ஏழாம் மாதம்தான் விழிக்கிறார்கள். முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்பதும் பழைய கதை. இந்தச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

கிணற்றடி:
சண்டை அட்வான்ஸ் தொகையில் இல்லை, பிடித்தத்தில்தான். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது எந்தக் கணக்கு? சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை. சுவர் மங்கியதற்குப் பிடித்தம் பூஜ்யம். கிறுக்கல், எண்ணெய்க் கறை, பெயர்ந்த சுவர்ப் பட்டி (பெயின்டுக்கு அடியில் பூசும் பூச்சு) இருந்தால் மட்டும் கணக்குப் போடுங்கள். பெயின்டிங் செலவு 24,000, நான்கு வருடம் தாங்கும், குடியிருந்தது மூன்று வருடம் என்றால் மிச்சமிருப்பது 12 மாதம். அதிகபட்சம் 6,000.

சாவி கொடுக்கும் நாளில் சிங்க்கின் அடிப்பக்கம், கதவுகளின் பின்புறம், பாத்ரூம் டைல்ஸ் இணைப்பு, ஈபி மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து இருவரும் வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலைச் சுற்றி வீடியோ எடுப்பது வீண். தகராறு வருவது சிங்க்குக்கு அடியில்தான்.

மொட்டைமாடி:
தேய்மானக் கணக்கு சரி, ஏற்கிறேன். ஆனால் ஒரு சுவரை மட்டும் அடித்தால் பழைய நிறத்தோடு ஒட்டாது, அறை முழுக்க அடிக்க வேண்டும். அதே அட்டவணையில் குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் தலையில் என்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் மட்டும் வீட்டுக்காரன் கஞ்சன்.

கிணற்றடி:
கீசரை அப்படியே தள்ளிவிடக் கூடாது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபடும். கம்பி தீர்ந்த பிறகு டேங்க்கே ஓட்டையாகும். எப்போது மாட்டியது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கம்பி அவர் செலவு, தெர்மோஸ்டாட் குடியிருப்பவர் செலவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

திண்ணை:
ஈபியை விட்டுவிட்டோமே. மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, போர்ஷனுக்கு ஒன்றாக வீட்டுக்காரரே உள்ளே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாத பில் 600 யூனிட்டுக்கு 3,000 வந்தது என்று வையுங்கள், சராசரி 5 ரூபாய். 180 யூனிட் ஓட்டியவர் தர வேண்டியது 900. வாங்குவது 1,800. பில்லைக் காட்டிச் சராசரியில் வாங்குவதுதான் நியாயம்.

மொட்டைமாடி:
சராசரியும் நியாயமில்லை. மொத்தம் 500 யூனிட் தாண்டினால் ஸ்லாப், அதாவது யூனிட் கட்டணப் படி, மாறுகிறது. மாடியில் ஏசி ஓட்டுபவர் தாண்ட வைப்பார், கீழே இரண்டு ஃபேன் ஓட்டும் பெரியவர் அதே ரேட்டில் அழுவார். முதல் 100 இலவச யூனிட்டும் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். தனி சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். முடியாதவரை ஏசி போர்ஷனின் யூனிட்டுக்கு மேல் ஸ்லாப்பிலிருந்து கணக்குப் போட்டு அவரிடமே வாங்கிவிட்டு, மீதி பில்லை மற்றவர்களுக்குப் பங்கிடுங்கள். மோட்டாருக்கும் ஒரு சப் மீட்டர் போடுங்கள், இல்லையென்றால் அந்த யூனிட் யார் தலையிலாவது விழும்.