செஸ்னா 172-ஐ விற்றுவிட்டு வேகமான விமானம்: 1,30,000 டாலருக்குள் எது?

பியர்லேண்ட் பாலா
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1976 மாடல் செஸ்னா 172 இருக்கிறது, 150 ஹெச்பி இஞ்சின், ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் நிறுத்தியிருக்கிறேன். நல்ல விமானம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் டெக்சாஸைத் தாண்டுவதற்குள் பையன் மூன்று முறை "வந்துட்டோமா" என்று கேட்டுவிடுகிறான். அண்ணன் குடும்பம் அட்லாண்டாவில். ஏறக்குறைய 600 கடல் மைல். மற்றபடி டல்லாஸ், சான் அன்டோனியோ என்று வார இறுதிப் பயணங்கள். நான், மனைவி, ஆறு வயசுப் பையன், மூன்று பேர்தான். செஸ்னாவை விற்று வரும் பணத்தையும் சேர்த்து 1,30,000 டாலர் தாண்டக் கூடாது. பறந்த நேரம் இன்னும் 250 மணிகூட ஆகவில்லை, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான ஐஎஃப்ஆர் ரேட்டிங் இல்லை, கியரை (சக்கரத்தை) மடக்கும் விமானம் ஓட்டியதே இல்லை. கியர் மடக்கும் மூனி எம்20ஜே மேல் ஒரு கண். திட்டுகிறவர்கள் காரணத்தோடு திட்டுங்கள்.

கெர்வில் பக்தன்
யோசிக்கவே வேண்டாம் பாலா, எம்20ஜே. 1977 மாடலுக்காக மூனி கம்பெனியின் பொறியாளர் ராய் லோப்ரெஸ்டி பழைய மூனியின் மூக்கு, கண்ணாடி, இடுக்கு எல்லாவற்றையும் சீர்செய்து, அதே 200 ஹெச்பி இஞ்சினில் மணிக்கு 201 மைல் எடுத்தார், அதனால்தான் அதற்கு 201 என்று பெயரே. மணிக்கு 10 கேலன் எரிபொருளில் 155 நாட் போகும். இந்த விலையில் வேறு எதுவும் அப்படிப் போகாது. இன்னொன்று, சரியாக 200 ஹெச்பி என்பதால் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்டார்ஸ்மென்ட் (பயிற்சியாளர் எழுதித் தரும் கூடுதல் அனுமதி) தேவையில்லை, அது 200-க்கு மேலே போனால்தான். கியர் மடக்கும் விமானத்துக்கான காம்ப்ளெக்ஸ் என்டார்ஸ்மென்ட் மட்டும் எடுத்தால் போதும்.

மெதுவாகப் போ
201 என்பது மைல், அதுவும் கடல் மட்டத்தில் முழு இஞ்சினையும் திறந்துவிட்டால் வருவது. விளம்பரத்தில் போட்ட எண்ணை வைத்து யாரும் அட்லாண்டா போவதில்லை.

பாலா, உங்கள் பதிவில் எல்லாரும் தாண்டிப் போன வரி, ஐஎஃப்ஆர் இல்லை என்பது. நீங்கள் இருப்பது கல்ஃப் கடற்கரை. வருஷத்தில் பாதி நாள் காலையில் 800 அடியில் மேகம் படுத்துக் கிடக்கும், பத்து பதினோரு மணிக்குத்தான் விலகும். அதற்குள் கோடையாக இருந்தால் மத்தியானத்து இடிமேகம் கிளம்பிவிடும். நீங்கள் 155 நாட் விமானத்தில் ஹேங்கருக்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே நேரம் ஐஎஃப்ஆர் வைத்திருக்கும் ஒருவர் செஸ்னாவிலேயே எட்டு மணிக்குக் கிளம்பி லூசியானாவைத் தாண்டியிருப்பார். முதலில் ரேட்டிங், அப்புறம் விமானம்.

கெர்வில் பக்தன்
அவர் கேட்டது எந்த விமானம் என்று. எந்தப் படிப்பு என்று இல்லை.

மெதுவாகப் போ
நேரம் மிச்சமாவதற்கு வழி கேட்டார். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

இரட்டை இருக்கை
ஆர்வி-7 வாங்குங்க ப்ரோ. 170 நாட், கியர் மடக்குகிற தொல்லை இல்லை, எக்ஸ்பெரிமென்டல் (சொந்தமாகக் கட்டிய விமானம்) என்பதால் ஏவியானிக்ஸ், அதாவது மின்னணுக் கருவிகள், பாதி விலை, பாதி வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். வருஷாந்திர சோதனைக்கு மட்டும் ஏ&பி லைசென்ஸ் உள்ள மெக்கானிக் வந்து கையெழுத்துப் போட்டால் போதும், ஐஏ என்ற கூடுதல் அனுமதி பெற்றவர் தேவையில்லை.

பியர்லேண்ட் பாலா
ப்ரோ, உங்கள் பெயரிலேயே பிரச்சினை இருக்கிறது. நாங்கள் மூன்று பேர்.

இரட்டை இருக்கை
ஆர்வி-10?

பியர்லேண்ட் பாலா
நாலு இருக்கை, 260 ஹெச்பி, அருமைதான். என் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. அடுத்தது.

காமாஞ்சி தாத்தா
தம்பி, பைப்பர் காமாஞ்சி 250 பற்றி யாரும் பேசவில்லையே. மூனியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், இதில் கால் நீட்டி உட்காரலாம். 155 நாட் இதுவும் போகும். பாரமும் தாராளமாக ஏற்றலாம். 1972-இல் லாக் ஹேவன் தொழிற்சாலையில் வெள்ளம் புகுந்ததோடு தயாரிப்பு நின்றது, அதனால் சந்தை விலை இன்னும் கட்டுக்குள்தான். மணிக்கு 13, 14 கேலன் குடிக்கும், அதை மறைக்கவில்லை.

நட்டு போல்ட்
ஐயா, 1,000 மணிக்கு ஒருமுறை லேண்டிங் கியரை முழுக்கப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் ஏடியையும் (அரசின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) சேர்த்துச் சொல்லுங்கள். நான் மெக்கானிக், அந்த வேலை செய்திருக்கிறேன். சின்ன பில் இல்லை. காமாஞ்சி நல்ல விமானம், ஆனால் அதைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வி வடிவ வால் கொண்ட பொனான்சா விமானத்தைப் பற்றி யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அந்த வாலின் அசையும் பாகங்கள் மக்னீசியத் தகட்டில் செய்தவை. அரித்துப்போனால் மாற்றுத் தகடு தேடி அலைய வேண்டும். இந்தப் பட்ஜெட்டில் வரும் பொனான்சா பெரும்பாலும் யாரோ ஒருவர் அந்தச் செலவிலிருந்து தப்பி ஓடுவதற்காக விற்பதுதான்.

மெதுவாகப் போ
சரி, கணக்கே போடுவோம். டல்லாஸ் ஏறக்குறைய 210 கடல் மைல். செஸ்னாவில் 1 மணி 55 நிமிஷம், மூனியில் 1 மணி 21 நிமிஷம். மிச்சம் 34 நிமிஷம். ஹேங்கர் திறப்பது, எண்ணெய் பார்ப்பது, பையனை பாத்ரூம் கூட்டிப் போவது, டவரில் காத்திருப்பது எல்லாம் இரண்டு விமானத்துக்கும் ஒன்றுதான். இந்த 34 நிமிஷத்துக்காகவா முப்பது நாற்பதாயிரம் டாலர் கூடுதலாகப் போடுவது?

கெர்வில் பக்தன்
டல்லாஸை எடுத்துக்கொண்டு அட்லாண்டாவை ஏன் விட்டீர்கள்? 600 கடல் மைலுக்கு செஸ்னாவில் ஐந்தரை மணி நேரம், 38 கேலன் டாங்க் என்பதால் நடுவில் ஒரு இடத்தில் இறங்கியே ஆக வேண்டும், அதற்கு ஒரு முக்கால் மணி. மூனியில் 64 கேலன், 3 மணி 52 நிமிஷம், நேராகப் போய் இறங்கலாம்.

இது காற்று இல்லாத நாள் கணக்கு. திரும்பி வரும்போது மேற்கு நோக்கி வர வேண்டும், 25 நாட் எதிர்க்காற்று அங்கே சாதாரணம். செஸ்னாவின் 110 தரையில் 85 ஆகிவிடும், ஏழு மணி நேரம். ஒரு மணி நேர எரிபொருளை மிச்சம் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். அப்போது வெளிச்சத்தில் கிளம்பி இருட்டில்தான் வீடு. மூனியின் 155 குறைந்து 130, அதாவது நாலரை மணிக்குக் கொஞ்சம் மேலே, இறங்காமல். மெதுவான விமானத்தை எதிர்க்காற்று இரண்டு மடங்கு தண்டிக்கும் என்பது புத்தகத்தில் படிக்கும்போது உறைப்பதில்லை.

எரிபொருளையும் பாருங்கள். அதே தூரத்துக்கு செஸ்னா 46 கேலன், மூனி 39 கேலன். வேகமாகவும் போகிறது, குறைவாகவும் குடிக்கிறது. கேலன் 6 டாலர் என்றால் போகும்போது மட்டுமே 42 டாலர் மிச்சம்.

மெதுவாகப் போ
எதிர்க்காற்றுக் கணக்கு சரி. அதில் சண்டை போட மாட்டேன்.

ஆனால் அந்த 42 டாலர்! மூனியின் டாங்க் தனிப் பை இல்லை, இறக்கையே டாங்க். உள்ளே பூசிய சீலன்ட் வயசானால் ஒழுகும். இரண்டு பக்கமும் சுரண்டி மறுபடி பூச பத்தாயிரம் டாலரை ஒட்டி வரும். அந்தப் பணத்தை உங்கள் 42 டாலர் மிச்சத்தில் மீட்க, பாலா அட்லாண்டாவுக்கு 238 தடவை போக வேண்டும். அதற்குள் பையன் கல்லூரி முடித்துவிடுவான். அதோடு இன்சூரன்ஸ். கியர் மடக்கும் விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஓட்டாதவருக்கு, ஐஎஃப்ஆரும் இல்லாதவருக்கு என்ன விலை சொல்வார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம். யானையை வாங்கியவருக்குத் தீனிச் செலவு தெரிந்திருக்க வேண்டும்.

பியர்லேண்ட் பாலா
விசாரித்தேன். இப்போது கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு முதல் வருஷம் பயணிகளை ஏற்றுவதற்கு முன் இத்தனை மணி நேரம் பயிற்சியாளரோடு பறந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொரு யோசனை. இருக்கிற செஸ்னாவிலேயே 180 ஹெச்பி இஞ்சினை மாற்றினால்?

நட்டு போல்ட்
வேகத்துக்காக என்றால் வேண்டாம். காற்று எதிர்ப்பைத் தள்ளத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 150-ஐ 180 ஆக்கினால் சக்தி 20 சதவீதம் கூடும், வேகம் கூடுவதோ ஆறு சதவீதம். 110 என்பது 117 ஆகும், அவ்வளவுதான். கோடையில் ஓடுபாதையை விட்டு எழும்புவதும் மேலே ஏறுவதும் நன்றாகத் தெரியும், அதற்காக வேண்டுமானால் செய்யலாம். லோப்ரெஸ்டி இஞ்சினைத் தொடாமல் உடம்பைச் சீர்செய்ததற்குக் காரணமும் இந்தக் கணக்குதான்.

சும்மா படிப்பவன்
ஏன் எல்லாரும் மடக்கும் கியரிலேயே நிற்கிறீர்கள்? க்ரம்மன் டைகர் என்று ஒன்று இருக்கிறதே. 180 ஹெச்பி, கியர் வெளியிலேயே, 135 நாட். இன்சூரன்ஸ்காரர்கள் செஸ்னாவைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார்கள். அட்லாண்டாவுக்கு நாலரை மணிக்குள். மூனியோடு ஒப்பிட்டால் காற்றில் 34 நிமிஷம்தான் கூடுதல்.

கெர்வில் பக்தன்
51 கேலன் டாங்க், மணிக்கு 10 கேலன். நாலரை மணிக்குப் பிறகு அரை மணி நேர எரிபொருள்தான் இருக்கும். எந்தப் புத்தியுள்ளவரும் நடுவில் இறங்குவார். ஆக 34 நிமிஷம் இல்லை, ஒன்றேகால் மணி.

மெதுவாகப் போ
ஆறு வயசுப் பையனை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் இறங்காமல் போகிறாராம். உங்களுக்குக் குழந்தைகள் இல்லை என்று நினைக்கிறேன்.

கெர்வில் பக்தன்
இரண்டு பேர். பின் இருக்கையில் தூங்கிவிடுவார்கள்.

மெதுவாகப் போ
அப்போது டைகரே சரி. எப்படியும் இறங்கப் போகிறவருக்கு 64 கேலன் எதற்கு? ஆனாலும் நான் முதலில் சொன்னதை மாற்றவில்லை: இந்த வருஷம் செஸ்னாவிலேயே ஐஎஃப்ஆர் படியுங்கள். குறைந்தது 40 மணி நேரம் வெளியே தெரியாதபடி திரை போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய படிப்பு, அதைத் தெரிந்த விமானத்தில் செய்தால் கவனம் முழுக்கப் படிப்பில் இருக்கும். மூனி கீழே இறங்கவும் மாட்டேன், வேகம் குறையவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் சமாளித்துக்கொண்டே ரேடியோவில் பதில் சொல்லி, இறங்கும் வழியைக் காட்டும் அப்ரோச் சார்ட்டும் படித்து, கியர் போட மறந்தால் வயிற்றோடு இறங்கல். ரேட்டிங் கையில் வந்ததும் இன்சூரன்ஸ் கேட்கும் விலையும் மாறும்.

கெர்வில் பக்தன்
நான் நேர் எதிர். எதில் பறக்கப் போகிறாரோ அதிலேயே படிக்க வேண்டும். 40 மணி நேரத்தை விற்கப் போகும் விமானத்தில் செலவழித்துவிட்டு, பிறகு மூனியில் எல்லா வேகங்களையும் புதிதாக மனப்பாடம் செய்வதா? இன்சூரன்ஸ் எப்படியும் பயிற்சியாளரோடு பறக்கச் சொல்கிறது, அந்த மணிகளையே ஐஎஃப்ஆர் பாடமாக ஆக்கிக்கொள்ளலாம். கியரை 132 நாட்டிலேயே இறக்கலாம், அதுவே நல்ல பிரேக். நீங்கள் பயமுறுத்துகிற அளவுக்கு அது முரட்டுக் குதிரை இல்லை, இறங்கும்போது வேகத்தை ஐந்து நாட் கூடுதலாக வைத்திருந்தால்தான் ஓடுபாதை மேல் மிதந்துகொண்டே போகும்.

பியர்லேண்ட் பாலா
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். இதற்கு நடுவில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 1978 எம்20ஜே, 89,000 டாலர். முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த ஓவர்ஹாலுக்குப் பிறகு இஞ்சின் 600 மணிதான் ஓடியிருக்கிறது. கடற்கரை ஊர் ஒன்றில் வெளியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஓவர்ஹால் செய்தது 2004-இல். விலை குறைவாகத் தெரிகிறதே?

நட்டு போல்ட்
இஞ்சின் 600 மணி என்பது நல்ல செய்தி இல்லை. இருபது வருஷத்தில் 600 மணி என்றால் வருஷத்துக்கு 30 மணி, பெரும்பாலும் சும்மா நின்றிருக்கிறது. இதிலிருக்கும் லைகமிங் இஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது, நிற்கும்போது எண்ணெய் வடிந்துவிடும், ஈரக்காற்றில் துருப் பிடிக்கும், பிறகு ஓட்டும்போது கேம் உரிந்து எண்ணெயில் இரும்புத்தூளாக வரும். 2,000 மணி வரை வரும் என்று போட்டிருக்கும் இஞ்சின் 700-இல் கழன்றுகொள்ளும். புது ஓவர்ஹால் இன்றைய விலையில் 40,000 டாலரை நெருங்கும். அதைக் கூட்டினால் 89,000 என்னவாகிறது, நீங்களே பாருங்கள்.

அடுத்து, மூனியின் கேபினைச் சுற்றி உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் இருக்கிறது. ஜன்னல் ரப்பர் வழியே மழைத்தண்ணீர் இறங்கி உள்ளேயிருக்கும் பஞ்சில் ஊறினால் அந்தக் குழாய் அரிக்கும். மூனி கம்பெனியே இதைச் சோதிக்கச் சொல்லி சர்வீஸ் புல்லட்டின் விட்டிருக்கிறது. உப்புக்காற்றில் வெளியே நின்ற விமானத்தில் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அந்த வருஷத்து ஜே மாடல்களில் இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே பெட்டிக்குள், ஒரே அச்சில். இரண்டு இருப்பது ஒன்று போனால் இன்னொன்று என்பதற்காக, அதை ஒரே அச்சில் மாட்டியவரைக் கண்டால் நான் நாலு கேள்வி கேட்பேன்.

கெர்வில் பக்தன்
அந்த விளம்பரத்தை நானும் பார்த்தேன். பாலா, மூனி வாங்குங்கள், அந்த மூனியை வாங்காதீர்கள். ஹேங்கரில் நின்றது, வருஷத்துக்கு நூறு மணியாவது பறந்தது, டாங்க் சீல் செய்த ரசீது லாக் புத்தகத்தோடு இருப்பது, அப்படி ஒன்றுக்கு 1,15,000 கொடுத்தாலும் தப்பில்லை. இஞ்சின் 1,400 மணி ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மெதுவாகப் போ
முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம். 1,15,000 போனால் கையில் 15,000 மிச்சம், முதல் ஆனுவலிலேயே (வருஷாந்திர சோதனை) அது கரையும், ஐஎஃப்ஆருக்குப் பணம் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கெர்வில் பக்தன்
பாதிப் பங்குக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். ஹூஸ்டனில் விமானம் ஓட்டத் தெரிந்து வாங்கப் பணம் போதாத தமிழர்கள் இல்லையா என்ன?

காமாஞ்சி தாத்தா
பங்கு சேர்ந்தால் தீபாவளி வார இறுதிக்கு யாருக்கு விமானம் என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நட்புகள் அங்கேதான் உடைகின்றன.

பியர்லேண்ட் பாலா
அந்த 89,000 விமானத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்டின் பக்கம் ஒரு டைகரும், சான் அன்டோனியோவில் ஹேங்கரில் இருக்கும் ஒரு எம்20ஜேயும் பார்க்கப் போகிறேன். ஐஎஃப்ஆர் எழுத்துத் தேர்வுக்கு இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டேன், அதற்கு எந்த விமானமும் தேவையில்லையே. பார்க்கும்போது எதை முதலில் பார்க்கட்டும்?

நட்டு போல்ட்
மூனி என்றால் இறக்கைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) நீல நிறம், டாங்க் ஒழுகியிருந்தால் ரிவெட் ஓரமாக நீலக் கறை காய்ந்திருக்கும். புதுசாகத் துடைத்து மெழுகு போட்டிருந்தால் டாங்க்கை முழுக்க நிரப்பச் சொல்லி ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்க எண்ணெய் ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். டைகர் என்றால் தகடுகள் ஒட்டியிருக்கும் விளிம்புகளை விரல் நகத்தால் தடவிக்கொண்டே போங்கள், எங்கேயாவது பிளந்திருக்கக் கூடாது. எதுவாக இருந்தாலும் வாங்குவதற்கு முந்தைய சோதனையை (ப்ரீபை) செய்யும் மெக்கானிக், விற்பவருக்கு வருஷா வருஷம் ஆனுவல் போட்டவராக இருக்கக் கூடாது. தன் கையெழுத்தையே யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

மெதுவாகப் போ
டைகரை முதலில் பாருங்கள். ஆஸ்டின்தான் பக்கம்.

கெர்வில் பக்தன்
மூனியில் போனால் இரண்டும் பக்கம்தான்.