விழுந்த மரத்தின் இடத்தில் என்ன வைப்பது? சிற்பமா, மரமா?

தெருமுனை:
நாலு சாலை கூடும் இடத்தில் எங்களுக்கு நிழல் தந்துகொண்டிருந்த பெரிய மரம் போன மாதக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. கிளைகளையெல்லாம் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள், அடிமரம் மட்டும் பக்கத்துப் பூங்காவில் கிடக்கிறது, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அந்த இடத்தில் ஏதாவது கலைப்படைப்பு வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது, வந்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அடிமரத்தையே செதுக்கி நிறுத்தலாம் என்று சிலர். துருப்பிடிக்காத எஃகில் விளக்குப் போட்ட மரம் ஒன்று செய்யலாம், பராமரிப்பே வேண்டாம் என்று சிலர். என் அம்மா, "மரம் போன இடத்தில் மரம்தானே வைக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மூன்றுமே சரியாகப் படுகிறது. மற்ற நகரங்களில் இந்த மாதிரி என்ன செய்திருக்கிறார்கள்? மரச்சிற்பம் வெயில் மழையில் எத்தனை நாள் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
என்ன மரம் என்று சொல்லவில்லையே? அதைப் பொறுத்துத்தான் பதில்.

தெருமுனை:
மன்னிக்கவும், வாகை.

உளிச்சத்தம்:
வாகை என்றால் நடுவில் கரும்பழுப்பாக வைரம் நன்றாகப் பாய்ந்திருக்கும், அது தாங்கும். அதைச் சுற்றி வெளுப்பாக இருக்கும் வெளிறுதான் தொல்லை. அதில் வண்டு விழுந்துவிட்டால் விரலால் தட்டினாலே மாவாகக் கொட்டும், அதனால் அந்தப் பகுதியை முதலிலேயே செதுக்கித் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் வெடிப்பு. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் அதிகமாகச் சுருங்கும், நடுவை நோக்கிக் குறைவாகச் சுருங்கும், அதனால் முழு அடிமரம் எங்கேயாவது நடுவரைக்கும் பிளந்தே தீரும். நீங்கள் முகம் செதுக்கினால் அந்தப் பிளவு சரியாக மூக்கு வழியாக இறங்கும். நான் இரண்டு தடவை பட்டுவிட்டேன், அதில் ஒன்று நாலு மாத உழைப்பு, இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போதெல்லாம் கண்ணுக்குப் படாத பின்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை, நடுவைத் தொடும்படி, ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வெடிப்பு அந்த வெட்டிலேயே அடங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அதை மண்ணில் நேராகப் புதைக்காதீர்கள். மரத்தூண் எப்போதும் தரைமட்டத்தில்தான் அழுகும், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். கல் மேடை கட்டி, இரும்புக் கால் கொடுத்து, ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் பூசுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டு நிற்கும், ஆனால் கருங்கல் மாதிரி நிற்கும் என்று சங்கத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கூழாங்கல்:
உங்கள் அம்மா சொன்னதை ஒரு கலைஞர் ஊரளவுக்குச் செய்து காட்டியிருக்கிறார். ஜெர்மனியில் காசெல் என்ற நகரம், 1982. யோசெஃப் பாய்ஸ் என்பவர் அங்கே அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7000 பசால்ட் கற்களைக் கொண்டுவந்து குவித்தார். நகரத்துக்குள் ஒரு மரம் நட்டால் அந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து மரத்துக்குப் பக்கத்தில் ஊன்றலாம். அந்தக் குவியலைக் கரைக்க வேறு வழியே வைக்கவில்லை அவர். சதுக்கத்தின் நடுவில் கல் மலையைப் பார்க்கச் சகிக்காதவர்கள்கூட மரம் நட்டால்தான் அது குறையும், எனக்கு இதில் பிடித்ததே அந்த நெருக்கடிதான். வேலை முடிய ஐந்து ஆண்டு ஆயிற்று. பாய்ஸ் 1986 தொடக்கத்தில் இறந்துபோனார், கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார்.

படைப்பின் பெயர் '7000 ஓக் மரங்கள்', ஆனால் எல்லாம் ஓக் இல்லை, இடத்துக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி பல வகை நட்டிருக்கிறார்கள். நட்ட புதிதில் குச்சி மாதிரி கன்று, பக்கத்தில் இடுப்புயரக் கனத்த கல். இப்போது கல் அதே உயரத்தில் இருக்கிறது, மரம் வீட்டுக்கூரையைத் தாண்டிவிட்டது. உங்கள் சங்கத்தில் 'மரம் நடுவது எப்படிக் கலை ஆகும்' என்று யாராவது கேட்டால் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்த பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று காட்டுங்கள், போதும்.

பற்றவைப்பு:
எஃகு மரம் என்றதும் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள், நான் அந்த வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் பேச வேண்டும். லண்டனில் 1998இல் பியர் விவான் என்ற கலைஞர் செய்த 'டிராஃபிக் லைட் மரம்' ஒரு ரவுண்டானாவில் நின்றது, 8 மீட்டர் உயரம், 75 சிக்னல் விளக்குகள். அங்கே முன்பு நின்ற மரம் வாகனப் புகையில் நொடிந்துபோனதால்தான் அந்த இடத்துக்கு இது வந்தது. ஓயாமல் மாறும் அந்த விளக்குகளைப் பார்க்கிறவனுக்கு, மரம் பிழைக்க முடியாத இடத்தில் என்ன முளைக்கிறது என்று தானாகப் புரியும். அது நல்ல எஃகு மரம், சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சிங்கப்பூரில் 2012இல் திறந்த சூப்பர்ட்ரீக்கள் என்ற மர வடிவக் கோபுரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம், அவற்றின் உடம்பு முழுக்க உயிருள்ள செடிகள் ஏறியிருக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 'பராமரிப்பே வேண்டாம்' என்று உங்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பற்றவைத்த இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் துருப்பிடிக்காத எஃகும் அங்கேதான் முதலில் பழுப்பேறும். விளக்கு ஒவ்வொன்றாகப் போகும், மாற்ற ஏணியும் ஆளும் வேண்டும். பாதி விளக்கு எரியாத எஃகு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவே மனம் கூசும். என் கருத்தைக் கேட்டால், மரம் வளரக்கூடிய மண் இருக்கிற இடத்தில் எஃகு மரம் வேண்டாம். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.

நிழல்தேடி:
செத்த மரத்தை அப்படியே நிறுத்திக் காட்டியதும் உண்டு. மாயா லின் என்ற கலைஞர் 2021இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் பூங்காவில் 49 பட்டுப்போன செடார் மரங்களை நிறுத்தினார். கடலோரக் காடுகளில் உப்புநீர் ஏறி மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, அதை ஊருக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று பூங்கா, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒற்றை இலை இல்லாத மரங்கள். செதுக்கவே இல்லை. உங்கள் அடிமரத்தையும் யானை, மயில் என்று ஆக்காமல் மரமாகவே விடலாமே?

மண்வெட்டி:
சிற்பம் எதுவானாலும் அந்தப் பழைய குழியை மட்டும் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பழைய வேரைத் தோண்டி எடுத்துவிட்டு, இறுகிக் கிடக்கும் மண்ணை ஆழத்தைவிட அகலமாகக் கொத்திவிட்டு அங்கேயே கன்று வையுங்கள். சிற்பத்தைத் தள்ளி வையுங்கள். மேடைக்குத் தோண்டுகிறபோதுதான் பக்கத்தில் இருக்கும் மற்ற மரங்களின் வேரை அறுத்துவிடுகிறார்கள், அந்த மரம் சில ஆண்டு கழித்துச் சாகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

விளக்குச் சரத்தை மரத்தைச் சுற்றிக் கட்டி மறந்துவிடுவதும் இதே கதை. மரம் பருக்கும், கம்பி பருக்காது. பட்டைக்கு அடியில்தான் இலை செய்த உணவு வேருக்கு இறங்குகிறது, கம்பி அதை நெரித்துவிடும். இத்தாலியக் கலைஞர் ஜுசெப்பே பெனோனே 1968இல் ஒரு இளமரத்தைத் தன் கை பிடித்திருப்பது போல உலோகக் கை ஒன்றைப் பொருத்தினார், மரம் அந்தக் கையைச் சுற்றிப் புடைத்து வளர்ந்தது. ஒரு பிடி என்ன செய்யும் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். நாம் தெரியாமல் தெருவெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம்.

தெருமுனை:
எல்லோருக்கும் நன்றி, நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் இப்படிச் சொல்லப்போகிறேன்: குழியில் புது வாகைக் கன்று, அம்மா கையால். அடிமரம் பூங்காவிலேயே, உருவம் எதுவும் செதுக்காமல், ஒரு பக்கம் மட்டும் இழைத்து வளையம் தெரியும்படி, கல் மேடையில். எஃகு வேண்டாம். பற்றவைப்பு நண்பரே, இரும்புக் காலை நீங்கள் செய்து தருவீர்களா? ஒரே ஒரு கேள்வி பாக்கி. கட்டை இப்போது திறந்த வெயிலில் மண்மேல் கிடக்கிறது, கூட்டம் நடக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை அதை என்ன செய்வது?

பற்றவைப்பு:
செய்து தருகிறேன். கட்டையின் சுற்றளவை அளந்து அனுப்புங்கள்.

உளிச்சத்தம்:
இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அறுத்த முகம் இரண்டிலும் மெழுகோ மிச்சம் கிடக்கும் பெயின்ட்டோ கனமாகப் பூசுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். நாலு பேரைச் சேர்த்துக் கடப்பாரை போட்டு நெம்பி, கீழே குறுக்குக் கட்டைகள் கொடுத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். மேலே ஒரு பந்தல் போடுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூட வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.